நம்ம பேருல ஒரு உரிமம்



எங்க அக்கா இங்கிலாந்துல இருக்காங்க. ஒரு ராத்திரி குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். மாமா நைட் ஷிப்ட். வாசல்ல கார் நிக்குது, ஓட்டத் தெரியல. அன்னிக்குத்தான் முடிவெடுத்தாங்க.

முதலில் பழகுநர் உரிமம், சிவப்பு 'எல்' அட்டை. அப்புறம் கம்ப்யூட்டர் தேர்வு. 50 கேள்வியில் 43 சரியா இருக்கணும். தமிழ்ல கேட்டு பதில் சொல்ற வசதியை 2014-லேயே நிறுத்திட்டாங்க. அகராதி வச்சுப் படிச்சாங்க. ரோட்டுல சுமார் 40 நிமிஷத் தேர்வு. முதல் தடவை ரவுண்டானாவில் தடுமாறித் தோல்வி. ரெண்டாவது தடவை பாஸ்!

அந்த அட்டையில் இருப்பது அவங்க பேரு, அவங்க கையெழுத்து. கைரேகை வச்ச நாமும் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டோமே! ஒரு தடவை தவறினா நிறுத்திடாதீங்க.