தீ அணைந்த பிறகு மூன்று மாதம்



காட்டில் தீப்பிடித்தால் உடனே நம் கைபேசிக்குப் படம் வரும், வீடியோ வரும். தீ அணைந்ததும் பேச்சும் அடங்கிவிடும். ஆனால் மலையில் குடியிருக்கிற நமக்குக் கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது. எரிந்த சரிவில் பெருமழை விழுந்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? அதை நாம் எப்படிக் கேட்பது? இந்த மூன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம்ம கூடலூரின் கணக்கு எளிது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. மார்ச் தொடக்கத்தில் எரிந்தால், நடுவில் கிடைப்பது ஏறக்குறைய மூன்று மாதம்தான்.

காட்டுத்தரையில் கிடக்கும் சருகும் மக்கும் பஞ்சு மாதிரி. மழையை வாங்கி, மெதுவாக மண்ணுக்குள் விடும். அது எரிந்துபோனால் மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கும். தீயின் சூடு கடுமையாக இருந்த இடத்தில், மேல்மண் தண்ணீரை உள்ளே விடாமல் வழியவிடும். சாம்பல், மண், கல் எல்லாம் ஓடையில் இறங்கும். ஓடைக்குக் கீழேதான் லைன் வீடுகளும் ரோடும் வயலும் இருக்கின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் பெருந்தீ எரிந்தது. அடுத்த மாதமே, 2018 ஜனவரி 9 அன்று, எரிந்த மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் மான்டெசிட்டோ என்ற ஊரில் 23 பேரைப் பலிகொண்டது. அந்த நாட்டின் வனத்துறை, பெருந்தீக்குப் பிறகு எரிந்த சரிவுகளைச் சோதித்து, மழைக்கு முன் அவசர வேலை செய்வதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் பெருந்தீ. அதே ஆண்டு ஆகஸ்டில் நீலகிரியில் வரலாறு காணாத மழை; அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். கூடலூர், பந்தலூர் பகுதிகளிலும் வெள்ளமும் மண்சரிவும். அந்தத் தீதான் இந்த வெள்ளத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, இடம் வேறு வேறு. ஆனால் பெருந்தீயும் பெருமழையும் ஒரே ஆண்டில் வரக்கூடிய மலை இது என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

சரி, பணம் எங்கே?

இங்கே நமக்கு ஒரு பெருமை உண்டு. காடு வளர்ப்புக்கென்று நாட்டில் இருக்கும் மிகப் பெரிய நிதிக்கு விதை விழுந்தது கூடலூரில்தான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2002-ல், காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்டும் இழப்பீட்டுத் தொகையைத் தனி நிதியாக வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016-ல் அது சட்டமானது. 'கேம்பா நிதி' என்று சொல்கிறோமே, அது இதுதான். 2019 ஆகஸ்டில் மட்டும் இதிலிருந்து 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. நிதியில் 90 சதவீதம் மாநிலங்களுக்கு உரியது.

இந்தப் பணத்தில் மரக்கன்று மட்டும்தான் நடலாம் என்று நினைக்காதீங்க. 2018-ல் வந்த விதிகளின்படி தீத்தடுப்பு, மண் மற்றும் ஈரப்பதப் பாதுகாப்பு, தானாக முளைப்பதைக் காத்து வளர்ப்பது ஆகியவற்றுக்கும் செலவிடலாம். இதைத் தவிர, காட்டுத் தீத் தடுப்புக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. பேரிடர் வந்தபின் நிவாரணம் தர ஒரு நிதி, வருமுன் தணிக்க இன்னொரு நிதி என்று மாநிலப் பேரிடர் நிதியும் இரண்டாக இருக்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? காலத்தில். கேம்பா பணம் ஆண்டுச் செயல்திட்டப்படி வருவது. அந்தத் திட்டம் நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே தயாராகிவிடும். மார்ச்சில் எரிந்த சரிவு அதில் எப்படி இடம்பெறும்? ஆகவே, "எரிந்தால் உடனே செய்ய வேண்டிய மண் காப்பு வேலை" என்று ஒரு இனம் முன்கூட்டியே திட்டத்தில் இருக்க வேண்டும். நாம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் மண், பிறகு மரம். சரிவின் குறுக்கே எரிந்த கட்டைகளையும் கற்களையும் அடுக்குவது, ஓடைகளில் சிறு கல் தடுப்பணை, ரோட்டோரக் கல்வெட்டுகளில் அடைப்பு எடுப்பது. இவை ஜூனுக்குள் முடிய வேண்டும். மழை வந்ததும் புல்லும், தேக்கு போன்ற மரங்களின் அடித்தூரும் தானாகவே துளிர்க்கும். அதோடு உண்ணிச்செடியும் முந்திக்கொண்டு வரும். அதைப் பிடுங்கிவிட்டு, வெறுமையான இடத்தில் மட்டும் நம் மண்ணின் மரங்களை நட்டால் போதும். மேல்மலைப் புல்வெளியில் மரமே நடக்கூடாது, அங்கே புல்தான் காடு.

இனி உங்கள் கைபேசிக்கு வருவோம்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணைப் பதிவு செய்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் செயற்கைக்கோள் கண்ட தீ பற்றிக் குறுஞ்செய்தி வரும். அந்த இடத்தைக் குறித்து வைங்க. ஜூனில் கவனிக்க வேண்டிய சரிவு அதுதான். மழை எச்சரிக்கைக்கு 'டிஎன் அலர்ட்' செயலி இருக்கிறது. அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. ஓடை அடைப்பு, சரிவில் வெடிப்பு போன்ற புகார்களுக்கு 'முதல்வரின் முகவரி' 1100.

கேம்பா வேலைகளைக் கிராம சபையோடோ கிராம வனக் குழுவோடோ கலந்துதான் செய்ய வேண்டும் என்பது விதி. ஸ்ரீமதுரை, முதுமலை மாதிரி ஊராட்சிகளில் இருப்பவர்கள் ஜனவரி 26, மார்ச் 22 கிராம சபைகளைத் தவறவிடாதீங்க. நகராட்சிக்காரர்களுக்குப் பகுதி சபை உண்டு. பதில் போதவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இணையத்திலேயே கேட்கலாம்: எந்தச் சரகம், எத்தனை ஹெக்டேர், என்ன செடி, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருக்கிறது? 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீங்க. நட்ட கணக்கு எல்லாரும் சொல்வார்கள். நின்ற கணக்குதான் காடு.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் நீங்களே காப்புக்காட்டுக்குள் போய்ச் செடி நடாதீங்க. அனுமதி இல்லாமல் போவது குற்றம், யானை, புலி நடமாட்டமும் உண்டு. சொந்த நிலத்தில் நட, பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இணையதளத்தில் கன்று கேட்கலாம்.

அடுத்த முறை தீ வீடியோ வந்தால் பகிர்வதோடு நிறுத்தாதீங்க. அந்தச் சரிவுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்க. ஜூனுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுங்க. பிறகு 1100-க்குக் கூப்பிடுங்க.