வயிற்றுக்குள் போன முள்ளும் ஊசியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யான் மருத்துவன் அல்லேன்; கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. படித்தறிந்தவற்றையே ஈண்டு எடுத்துரைக்க விழைகிறேன்.

சேலை உடுத்தும்போது ஊக்கை வாயில் கவ்விக்கொள்வதும், தையற்காரர் குண்டூசிகளை உதட்டில் வைத்துக்கொள்வதும் நாள்தோறும் காணும் காட்சிகள். ஓர் இருமல் வந்தால் போதும், ஊசி உள்ளே சென்றுவிடும். எனினும் பெரியோரின் குடலைத் துளைப்பதில் முதலிடம் பெறுவன மீன் முள்ளும் எலும்புச் சிதறலுமே. வங்க நாட்டில் வாழும் நமக்கு இலிஷ் மீனின் முட்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! பல்செட் அணிந்தோர்க்கு அண்ணம் மூடியிருப்பதால் முள் உறுத்துவதே தெரிவதில்லை.

விழுங்கிய பொருள்கள் பெரும்பாலும் தாமாகவே மலத்தோடு வெளியேறிவிடும். கூரிய பொருளை அங்ஙனம் நம்பிவிட இயலாது. ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள சிறுகுடல், வலப்புற அடிவயிற்றில் பெருங்குடலோடு சேருகிறது. குறுகிய அவ்விடத்தில் முள் தைப்பது மிகுதி. அப்பெண்டிக்ஸும் அருகிலேயே இருப்பதால், வலி அந்நோயைப் போலவே தோன்றும். அப்பெண்டிக்ஸ் என்றெண்ணி வயிற்றைத் திறந்து, மீன் முள்ளைக் கண்டெடுத்த மருத்துவர் பலர். நோயாளிக்கோ முள்ளை விழுங்கிய நினைவே இராது!

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்ஸன் (1865–1958) என்னும் மருத்துவர், 2,000க்கும் மேற்பட்ட பொருள்களை உணவுக் குழலிலும் மூச்சுக் குழலிலும் இருந்து, பெரும்பாலும் கத்தி வையாமல், குழாய்க் கருவியாலேயே எடுத்தார். அவை அந்நகர் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டுள்ளன. திறந்த ஊக்குகளும் அவற்றுள் உண்டு.

நம் பாட்டிமார் முள் சிக்கினால் சோற்றுருண்டையும் வாழைப்பழமும் விழுங்கச் சொல்வர். அன்பினால் சொல்வதே; ஆயினும் அது முள்ளை ஆழக் குத்திவிடக்கூடும். விளக்கெண்ணெய் கொடுப்பதும், விரலிட்டு வாந்தியெடுக்கச் செய்வதும் ஆகா. ஒன்றும் உண்ணாமல் ஆஸ்பத்திரி செல்க. ஊசி இரைப்பையில் இருக்கும்போதே எண்டாஸ்கோப் என்னும் குழாயால் எடுத்துவிடலாம். குடலுக்குள் இறங்கிவிட்டால் எளிதன்று. எக்ஸ்ரேயில் ஊசி தெரியும். மீன் முள் பலவேளை தெரியாது, சி.டி. ஸ்கேன் வேண்டும்.

கூரியதல்ல எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பொம்மைகளிலுள்ள பொத்தான் பாட்டரி குழந்தையின் உணவுக் குழலில் தங்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

காய்ச்சலோடு வயிறு பலகைபோல் விறைத்தாலும், இரத்த வாந்தியோ கருமலமோ கண்டாலும், நள்ளிரவாயினும் விடியலுக்குக் காத்திராமல் புறப்படுக. மருத்துவர் வினவாவிடினும், சென்ற வாரம் உண்ட மீன்குழம்பைக் கூட நாணாமல் அவரிடம் கூறிவிடுங்கள்.