மணலிற் சமைத்த சிற்பம்

சிற்பம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழர் உள்ளத்தில் முதலில் எழுவது கருங்கல். மாமல்லபுரத்துப் பாறைகளையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் கண்டு வளர்ந்த நமக்கு, ஆயிரம் ஆண்டு நிற்பதே சிற்பத்தின் இலக்கணம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. அவ்விலக்கணத்துக்கு முற்றும் மாறாக, மூன்று நாளில் அழிந்துவிடும் என்று தெரிந்தே ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு அருகாகச் சிற்பம் சமைத்து வருகிறார். ஒடிசா மாநிலத்துப் பூரி நகரைச் சேர்ந்த சுதர்சன் பட்நாயக் என்பவரே அவர். அவருக்கு உளி வேண்டியதில்லை, கல் வேண்டியதில்லை, உலைக்களமும் வேண்டியதில்லை. கடற்கரை மணலும் ஒரு வாளி நீரும் இருந்தால் போதும்.

அவர் பிறந்தது 1977ஆம் ஆண்டு. வறிய குடும்பம். பள்ளிப் படிப்பு தொடரவில்லை; இளமையில் அண்டை வீட்டில் வேலை செய்து பிழைத்தார். ஓவியம் வரைய ஆசை இருந்தது. தாளும் வண்ணமும் வாங்கப் பொருள் இல்லை. வீட்டுக்கு அருகே கடற்கரை இருந்தது. அங்கே விலையின்றிக் கிடைத்த மணலில் வடிவங்கள் செய்யத் தொடங்கிய சிறுவனுக்கு ஆசிரியர் எவரும் இல்லை. 2014இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தின் வேமத் நகரில், அந்நாட்டு மணற்சிற்ப முன்னோடியான பிரெட் டாரிங்டன் பெயரால் அமைந்த விருதும் அவரை வந்தடைந்தது.

மணல் எவ்வாறு நிற்கிறது என்று கேட்கலாம். உலர்ந்த மணலைக் குவித்தால் சரிந்துவிடும்; கடலலைக்குள் கிடக்கும் மணலும் நில்லாது. சிறிதளவு நனைந்த மணலே நிற்கும். குருணைக்கும் குருணைக்கும் இடையே நீர் ஒரு நுண்ணிய பாலம்போல் நின்று, தன் பரப்பு இழுவிசையால் அவற்றைப் பிணைக்கிறது. நீர் அறவே இல்லையேல் பாலம் இல்லை. நீர் மிகுந்தால் பாலங்கள் ஒன்றாய்க் கலந்து பிணைப்பு அறுந்துபோம். ஆகவே பெரிய சிற்பங்களுக்குப் பலகைகளால் அடியும் மேலும் திறந்த பெட்டிகளை அமைத்து, மணலும் நீரும் மாறி மாறி இட்டுத் திமிசு கொண்டு இடிப்பார்கள். மிகையான நீர் அடியில் வடிந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு, உச்சியிலிருந்து பலகைகளைக் கழற்றிக் கீழ்நோக்கிச் செதுக்கி வருவார்கள். கீழே முடித்துவிட்டு மேலே கை வைத்தால், உதிரும் மணல் முடித்த பகுதியைக் கெடுத்துவிடும் அல்லவா? கோபுரம் கட்டுபவன் அடியிலிருந்து மேலே போகிறான்; மணற்சிற்பி மேலிருந்து அடிக்கு வருகிறான்.

இம்முறையில் 2017 பிப்ரவரியில் பட்நாயக்கும் அவர் மாணவர்களும் பூரியில் எழுப்பிய மணற்கோட்டை ஏறத்தாழ 48 அடி 8 அங்குல உயரம் நின்று, அந்நாளில் உலகிலேயே உயர்ந்தது என்ற பெயரைப் பெற்றது. பின்னர் 2019இல் ஜெர்மனியிலும் 2021இல் டென்மார்க்கிலும் அதனினும் உயர்ந்த கோட்டைகள் எழுந்தன. உயரப் போட்டியில் நமக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. எனவே அதனை இவ்வளவில் விடுவோம்.

மணலில் வடிவம் செய்வது தமிழர்க்குப் புதிதன்று. சிறுமியர் மணலில் சிற்றில் இழைப்பதும், அதனைச் சிறுவன் காலால் சிதைக்க வருவதும் நம் இலக்கியத்தில் நிலைபெற்ற காட்சி. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் ஒரு பதிகம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினாள்; ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அது ஒரு பருவமாகவே அமைந்தது. பூரியிலும் இத்தகைய மரபு ஒன்று உண்டு. பலராம தாசர் என்னும் ஒடியப் புலவர், ஜகந்நாதரின் தேரில் ஏறவொட்டாது விரட்டப்பட்டாராம். மனம் நொந்து கடற்கரைக்குச் சென்று மணலால் ஒரு தேர் செய்து இறைவனை அழைத்தாராம். இறைவன் அங்கு எழுந்தருளவே, ஊருக்குள் நின்ற பெருந்தேர் அசையவில்லையாம். கதை உண்மையோ அன்றோ, ஒடிய மணற்சிற்பிகள் தம் கலைக்கு அவரையே முதல்வராகக் கொண்டாடுகிறார்கள்.

பட்நாயக்கின் கலை ஊரார் கண்ணில் பட்டதற்கு அவர் கைத்திறன் மட்டும் காரணமன்று. அவர் தேர்ந்துகொண்ட பொருளும் காரணம். கடலாமையின் அழிவு, கடலில் சேரும் பிளாஸ்டிக் கழிவு, புவி வெப்ப உயர்வு, வெட்டப்படும் மரம் ஆகியவற்றை அவர் மீண்டும் மீண்டும் மணலில் வடித்திருக்கிறார். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஆம் நாள் வந்தால், பூரிக் கரையில் அவர் என்ன செய்தார் என்று செய்தித்தாள்கள் தேடிச் செல்கின்றன. ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய படைப்புகளில் ஒரு பகுதி சுவரொட்டியின் இயல்பை உடையது. தலைவர்க்கு வாழ்த்து, விளையாட்டு வீரர்க்கு வாழ்த்து, நடுவே பெரிய ஆங்கில எழுத்துகள் என்ற அமைப்பில் சிற்பம் எழுத்துக்கு அடங்கிப் போய்விடுகிறது. எழுத்து இல்லாமல் ஆமை மட்டும் கிடக்கும்போதுதான் அவர் கலை தலைநிமிர்கிறது என்பது நம் கருத்து. இங்கிலாந்தின் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இலையையும் பனிக்கட்டியையும் முள்ளையும் கொண்டு செய்யும் படைப்புகளில் ஒரு சொல்லும் இராது. காண்பவன் தானே உணர்ந்துகொள்கிறான்.

ஆமை மணலில் வடிப்பதற்கு ஏற்ற பொருள் என்பதில் ஐயமில்லை. அதன் பிறப்பிடமே மணல். ஒடிசாவின் ருசிகுல்யா ஆற்று முகத்தில் 2023ஆம் ஆண்டு முட்டையிட வந்த பங்குனி ஆமைகள் 6 இலட்சத்தைக் கடந்தன. ஒவ்வொன்றும் குழி தோண்டி ஏறத்தாழ 100 முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அதன் பின்னர்த் தாய் இல்லை, மணலே தாய். அம்மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும். புவி வெப்பம் உயர உயர ஆண் ஆமைகள் அருகும் என்ற அச்சம் இதனால் எழுந்ததே. தமிழ்நாட்டிலும் இவ்வாமைகளுக்குத் துணை உண்டு. சென்னையில் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் பருவந்தோறும் இரவுகளில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது.

அந்தமான் தீவுகளுக்கும் ஆமைகள் வருகின்றன. வட அந்தமானில் திக்லிப்பூரை அடுத்த காளிப்பூர்க் கரையில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என நான்கு இனங்கள் முட்டையிடுவதாக வனத்துறையினர் கூறுவர். இத்தீவுகளின் மணலுக்கும் பூரியின் மணலுக்கும் வேறுபாடு உண்டு. பூரி மணல், மகாநதி முதலிய ஆறுகள் மலைப்பாறையை அரைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. இங்குள்ள வெண்மணலிற் பெரும்பகுதி பவளமும் சிப்பியும் பொடிந்து ஆனது. கிளிமீன் என்னும் மீன் பவளப் பாறையைக் கொறித்துத் தின்று, செரியாத சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் திரும்பிவிடும் என்று எண்ணி இம்மணலை அள்ள இயலாது. அள்ளியதைத் திரும்ப ஆக்க மீன்களுக்கும் அலைகளுக்கும் நெடுங்காலம் வேண்டும்.

ஆயினும் அள்ளினோம். நாம் குடியிருக்கும் மரைன் ஹில், போர்ட் பிளேர் என்று வழங்கிவந்து 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகரின் ஒரு பகுதி. இங்குள்ள பழைய வீடுகளின் சுவரில் சாந்து உதிர்ந்தால், அதனுள் சிப்பித் துணுக்குகள் பளிச்சிடக் காணலாம். கடற்கரையே சுவராகி நிற்கிறது என்று சொல்லலாம். உப்பேறிய மணலால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துக் காரை பிளப்பது இங்கே வீட்டுக்கு வீடு காணும் துன்பம். மரவீடுகள் குறைந்து காரைவீடுகள் பெருகிய காலத்தில் மணலுக்கு வேட்கை மிகுந்தது. சேகர் சிங் குழுவின் அறிக்கையை ஏற்று, 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், இத்தீவுகளில் மணல் எடுப்பதை ஐந்து ஆண்டுகளுக்குள் அந்நாளைய அளவில் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க ஆணையிட்டது. வீடு கட்டுவோர்க்கு இவ்வாணை எளிதாக இருக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. கூரை வேண்டும் குடும்பத்துக்கு ஆமையின் கணக்கு பின்னதாகவே தோன்றும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர்க்குச் சொற்கள் சில உறுத்தும். 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தில் சாதாரண மணலுக்கு வழங்கும் பெயர் ‘சிறு கனிமம்’. அச்சொற்றொடரை எழுதும்போதெல்லாம், அதனுள் ஓர் ஆமைக்கூடும் ஒரு சிற்றிலும் அடங்கிக் கிடப்பதாக நமக்குத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் மணல் அள்ளி அளந்து விலை கூற வேண்டிய பொருள். பட்நாயக்கின் கையில் அது அள்ளப்படுகிறது. ஆனால் கரையை விட்டுப் போவதில்லை. சிற்பம் சரிந்த இடத்திலேயே மணல் மறுபடி மணலாகக் கிடக்கிறது. சுற்றுச்சூழலைப் பற்றி அவர் மணலில் எழுதிய சொற்களைக் காட்டிலும் இச்செயல் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

பூரியிலிருந்து கடலோரமாகவே வடகிழக்கே சென்றால் கோணார்க். அங்குள்ள சூரியன் கோயில் 13ஆம் நூற்றாண்டுக் கற்கோயில். அதன் பெருங்கோபுரம் எப்போதோ வீழ்ந்துவிட்டது. எஞ்சிய முன்மண்டபமும் வீழ்ந்துவிடுமோ என்று அஞ்சி, 1903இல் ஆங்கில அரசினர் அதன் உள்ளே மணலை நிரப்பி வாயில்களை அடைத்துவிட்டனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அக்கற்சிற்பத்தைத் தாங்கி நின்றது மணல்! அம்மணலை அகற்றிக் கோயிலை வேறு வழியில் காக்கும் முயற்சியைத் தொல்லியல் துறை அண்மைக் காலத்தில் மேற்கொண்டுள்ளது.

அக்கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் சந்திரபாகா கடற்கரை. அங்கே ஒடிசா சுற்றுலாத் துறை டிசம்பர் 1 முதல் 5 வரை மணற்சிற்ப விழாவை நடத்தி வருகிறது; அயல்நாட்டுச் சிற்பிகளும் வருவதுண்டு. அதே நாள்களில் கோணார்க்கில் நாட்டிய விழாவும் நடைபெறும். கட்டாக், புவனேசுவரம், கரக்பூர், கல்கத்தா நகரங்களில் வாழும் தமிழன்பர்கள் குழந்தைகளுடன் சென்று காணலாம். வெயில் ஏறி மணல் உலருமுன் காலையிலேயே போய்விடுவது நன்று. சிற்பி கையில் தகட்டுக் கரண்டியுடன் நிற்பதையும் அப்போதுதான் பார்க்க முடியும்.