பெட்டி நம்முடையது, சாவி யாரிடம்?

(மும்பையில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் படிப்பகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசிய இதே மேடையில் இந்த மாதம் வீடியோ கேம் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "பிள்ளைகளைக் கெடுக்கிற சாமானுக்கு ஒரு கூட்டமா?" என்று ஓர் அண்ணாச்சி நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆட்டம் நல்லதா கெட்டதா என்கிற வழக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் இன்றைய வழக்கு. இது கேம் பெட்டியோடு நிற்கப் போவதில்லை என்பதால்தான் உங்களை ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இங்கே உட்கார வைத்திருக்கிறோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நம் படிப்பகத்துப் பிள்ளைகள் ஆறு மாதம் சீட்டுப் போட்டதுபோலக் காசு சேர்த்தார்கள். தோல்பை தைக்கிற தகப்பனும், விடியற்காலையில் இட்லிப் பானை தூக்குகிற தகப்பனும் கொடுத்த பத்தும் இருபதும் சேர்ந்து 20,000 ரூபாய் ஆயிற்று. ஒரு கடையில் பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். சிடி போடுகிற வாயே இல்லாத பெட்டி அது. "நாற்பது கேம் உள்ளேயே இருக்கு, சிடி வாங்குற செலவே கிடையாது" என்றார் கடைக்காரர். மாடி அறையில் டிவியோடு மாட்டினோம். மாலை ஏழு மணிக்கு மேல் அந்த அறையில் கால் வைக்க இடம் இருக்காது.

மழைக்காலம் வந்தது. எங்கேயோ கேபிள் அறுந்து நான்கு நாள் நெட் இல்லை. பிள்ளைகள் பெட்டியைப் போட்டார்கள். ஆட்டத்தின் படம் வந்தது, பொத்தானை அழுத்தினால் உள்ளே போக மறுத்தது. இந்த ஆட்டம் உங்களுக்கு உரியதுதானா என்று சரிபார்க்க முடியவில்லை, இணையத்தில் சேருங்கள் என்று திரையில் எழுதிற்று. ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் நம்மிடம் வந்து கேட்டான்: "மாமா, பெட்டி நம்மளுதுதானே? அப்புறம் அது யாரைக் கேட்குது?" அவனுக்கு அன்றைக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்து அறிந்ததைத்தான் இப்போது சொல்கிறோம்.

முப்பது ஆண்டுக்கு முன் நம் சால்களுக்கு வந்த டிவி கேமை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் கேசட் இருக்கும். ஊதிவிட்டுச் செருகினால் ஆட்டம் வரும். ஆட்டம் முழுவதும் அந்தக் கேசட்டுக்குள்ளேயே சில்லில் பதிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம், அலுத்துப்போனால் பாதி விலைக்கு விற்கலாம், ஊருக்கு ரயிலேறும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம். செய்த கம்பெனி எந்த நாட்டில் இருந்தது, இருந்ததா இழுத்து மூடியதா என்பதுகூட நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இன்றைய பெட்டியில் ஆட்டம் என்பது ஒரு கணக்கின் பெயரில் கொடுக்கப்படுகிற அனுமதிச் சீட்டு. பெட்டிக்குள் தரவு முழுவதும் இறங்கியிருந்தாலும் அந்தச் சீட்டு செல்லும் என்று கம்பெனியின் சர்வர் சொன்னால்தான் கதவு திறக்கும். ஒரு கணக்குக்கு ஒரே ஒரு பெட்டியை 'வீட்டுப் பெட்டி' என்று குறித்துவைக்கலாம். அதில் மட்டும் நெட் இல்லாமலும் பெரும்பாலான ஆட்டங்கள் ஓடும். மற்ற எந்தப் பெட்டியானாலும் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டாக வேண்டும். நம் கடைக்காரர் செய்த வேலை இதுதான்: தன் பெயரில் ஒரு கணக்கு, அதில் நாற்பது ஆட்டம், அதையே பலருடைய பெட்டியிலும் திறந்துவைத்து விற்றிருக்கிறார். 'வீட்டுப் பெட்டி' வேறு யாருடையதோ. மழை விட்டு நெட் வந்ததும் நம் பெட்டி திறந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினார், நாற்பது ஆட்டமும் ஒரே நாளில் பூட்டிக்கொண்டன.

கடைக்காரர் ஏமாற்றினார், சந்தேகமில்லை. ஆனால் ஒரே கேசட்டைப் பத்துப் பேருக்கு விற்க அந்தக் காலத்துக் கடைக்காரரால் முடிந்திருக்குமா? கைக்கு வராத பொருளை விற்கிற முறை வந்த பிறகுதான் இந்த ஏமாற்றுக்கும் இடம் வந்தது.

ஏமாற்றே இல்லாமல் முறையாக வாங்கியவர் நிலை என்ன என்று கேட்பீர்கள். நம் உறுப்பினர் ஒருவர் மகனுக்குப் புதுப் பெட்டியும் ஆட்டங்களும் தம் சொந்தக் கணக்கிலேயே வாங்கினார். மே மாத விடுமுறைக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஊருக்குப் போகும்போது பையன் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனான். 'வீட்டுப் பெட்டி' என்று குறித்துவைக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஊரில் வீட்டுக்குள் செல்போன் சிக்னலே வராது. குறிக்கலாம் என்றால், குறிப்பதற்கும் நெட் வேண்டும்! பையன் மொட்டை மாடியில் தாத்தாவின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லி அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பூட்டு தற்செயலாக வந்ததா? 2013ஆம் ஆண்டுச் சங்கதியைக் கேளுங்கள். அந்த ஆண்டு மே 21 அன்று அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி எக்ஸ்பாக்ஸ் ஒன் என்கிற பெட்டியை அறிவித்தது. அடுத்து வந்த நாட்களில் விதிகள் வெளிவந்தன. பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய ஆட்டமும் ஓடாது. சிடியை இரவல் கொடுப்பதற்கும் பழைய விலைக்கு விற்பதற்கும் கட்டுப்பாடு. நெட் வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அந்தப் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக், அவர்களுக்காகத்தான் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று பதில் சொன்னார். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்க்கிறவரைப் பற்றியும் அந்தப் பேட்டியில் பேச்சு வந்தது. கடலுக்கடியில் இருப்பவனுக்கு நெட் ஏது? கப்பலிலும் வளைகுடா முகாமிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் அதே கேள்விதான்.

அமெரிக்க வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு கொந்தளித்தது. போட்டிக் கம்பெனியான சோனி ஜூன் 10 அன்று மேடையேறி, தன் பிளேஸ்டேஷன் 4 தினமும் இணையத்தைக் கேட்காது, பழைய சிடியை விற்கத் தடையில்லை, விலையும் 100 டாலர் குறைவு என்று அறிவித்துக் கைதட்டல் வாங்கிற்று. ஜூன் 19 அன்று, அதாவது அறிவித்த 29ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றது. எந்த அரசும் சட்டம் போடவில்லை. வாங்க மாட்டோம் என்று ஜனங்கள் சொன்னது போதுமானதாக இருந்தது. நம் நாட்டுக்கு அந்தப் பெட்டி 2014 செப்டம்பரில்தான் வந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் போட்ட சண்டையின் பலனை நம் பிள்ளைகளும் அனுபவித்தார்கள்.

முன்வாசல் வழியாகத் துரத்தியது கொல்லைப்புறம் வழியாக வந்தது. 2020 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் சிடி வாய் இல்லாத பெட்டிகளைக் கொண்டுவந்தன. விலை குறைவு என்பதால் நம்மைப் போன்றவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். கடைக்குப் போய்ப் பழைய சிடி வாங்கும் வழி அதோடு அடைபட்டது. 2023இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் மெலிந்த வடிவத்தில் சிடி வாயைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் மாட்டியதும் ஒரு முறை இணையத்தில் சேர்த்துப் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். சிடியே வாங்கினாலும் முழு ஆட்டம் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. 2022இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' ஆட்டத்தின் பிளேஸ்டேஷன் 5 சிடியில் இருந்தது சுமார் 70 மெகாபைட்டுதான். மிச்சம் முழுவதையும் இறக்கிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் அரிசி இல்லை, அரிசிக்கடையின் விலாசம் மட்டும் இருந்தது!

இறக்குவது என்றால் எவ்வளவு? இன்றைய பெரிய ஆட்டங்கள் 100 கிகாபைட்டைச் சாதாரணமாகத் தொடுகின்றன. நம் வீடுகளில் பாதிக்கு மேல் கேபிள் நெட் கிடையாது, அப்பாவின் போன்தான் ஹாட்ஸ்பாட். நாளுக்கு 1.5 கிகாபைட்டு கிடைக்கிற ரீசார்ஜில், வேறு எதற்கும் தொடாமல் இறக்கினாலும் 67 நாள் ஆகும். அதற்குள் அந்த ஆட்டத்துக்குத் திருத்தம் வந்துவிடும், அதையும் இறக்க வேண்டும். கம்பெனிக்கு இறக்குமதிச் செலவு இல்லை, சிடி அச்சடிக்கும் செலவு இல்லை, லாரிக் கூலி இல்லை. அந்தக் கூலியை இப்போது நம் ரீசார்ஜில் நாம் கொடுக்கிறோம்.

நெட் இருந்தாலும் போதாது, மறுமுனையில் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். 2011 ஏப்ரல் 20 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் வலை திருடர்களின் தாக்குதலால் இழுத்து மூடப்பட்டது. சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். மூன்று வாரத்துக்கும் மேலாக வலை கிடையாது. தனி ஆளாக ஆடுகிற ஆட்டங்களில்கூடச் சில, முதலில் உள்ளே பெயரைப் பதி என்று கேட்டுப் பூட்டிக்கொண்டன. அது விபத்து என்று விடலாம். யூபிசாஃப்ட் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி 2014இல் விற்ற 'தி க்ரூ' என்கிற கார் ஓட்டும் ஆட்டத்தை 2024 மார்ச் 31 அன்று தானே நிறுத்தியதே, அதை என்னவென்று சொல்வது? ஆட்டம் எப்போதும் இணையத்தைக் கேட்கும்படி செய்யப்பட்டது. சர்வரை அணைத்ததும் சிடி வைத்திருந்தவர் கையிலும் வெறும் தகடுதான் மிஞ்சிற்று. இதிலிருந்து ராஸ் ஸ்காட் என்பவர் 2024இல் ஓர் இயக்கம் தொடங்கினார். விற்ற ஆட்டத்தைக் கைவிடும்போது ஓடக்கூடிய நிலையில் விட்டுச் செல் என்பதே கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், கொடுப்பது அனுமதி மட்டுமே என்றால் 'வாங்கு' என்று எழுதி விற்கும் கடை அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று கேட்பாரில்லை.

நெட்டை அறுப்பது கேபிள்காரர் மட்டுமல்ல என்பதையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய அதிவேக செல்போன் இணையம் முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள்.

எதிர்த் தரப்பையும் பேசத்தான் வேண்டும். கள்ளச் சிடியைத் தடுக்கவே இந்தப் பூட்டு என்கிறார்கள். நம்மில் பலர் ஐம்பது ரூபாய்க்குக் கள்ளச் சிடி வாங்கியவர்கள்தாம், அதை மறைக்கவில்லை. ஆனால் கள்ளச் சிடிக்காரன் பூட்டை உடைத்துவிட்டுச் சுகமாக ஆடுகிறான், பில் வாங்கியவன்தான் நெட்டுக்காகக் காத்துக் கிடக்கிறான். இணையமே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. ஷார்ஜாவில் இருக்கிற தகப்பன் வெள்ளிக்கிழமை இரவு இங்கே இருக்கிற மகனோடு பந்து விளையாடுகிறான் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்! இருவர் சேர்ந்து ஆட நெட் வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். ஒருவன் தனியாக ஆடுவதற்கு எதற்கு?

பிள்ளைகளுக்குப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் சிடி வாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. 'உள்ளே கேம் இருக்கு' என்றால் யார் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள், உங்கள் கணக்கில் இல்லையென்றால் அது உங்களுடையது இல்லை. வீட்டுக்கு வந்த அன்றே 'வீட்டுப் பெட்டி' என்று குறித்துவிட்டு, நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை ஆடிப் பாருங்கள். பழைய பெட்டியானால் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். செய்யமாட்டேன் என்கிற கடையைவிட்டு இறங்கிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பில் வாங்குங்கள். நம் பிள்ளைகள் வாங்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்க மறுப்பதே முறைகேடான வணிகம் என்று இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் கொடுக்கலாம். படிப்பகக் குழு முடிவு செய்துவிட்டது: போனில் பணம் அனுப்பிய ரசீதும், கடைக்காரர் அனுப்பிய செய்திகளும் கைவசம் இருக்கின்றன, அவற்றை வைத்து முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதேபோல் ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குள் படிப்பகத்துக்கு வாருங்கள். ரசீது, செய்தி, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண் மூன்றையும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர இரண்டு கல்லூரி மாணவிகள் இருப்பார்கள். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். உறுப்பினர் ஒருவர் தம் பழைய பிளேஸ்டேஷன் 2ஐயும் பதினொரு சிடிகளையும் படிப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறார், மாடியில் மாட்டியிருக்கிறோம்.