புல்லுக்கும் தமிழ்ப்பெயர் வேண்டும்
(மயிலைப் பொழிவின் எழுத்துவடிவம்)



மயிலைத் தெருக்களில் கட்டுக் கட்டாய் விற்கப்பெறும் அறுகம்புல்லை அறியாதார் நம்முள் இலர். ஆயின், அறுகு போலவே தோன்றும் வேற்றினமும் நம் மண்ணில் உண்டு என எண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர்? கோவையில் நிலைத்திணை ஆய்ந்த அரங்காச்சாரியாரும் தாடுலிங்க முதலியாரும் எண்ணினர். 1916-இல் அறுகின் புதிய உறவினம் ஒன்றை உலகிற்கு அறிவித்தனர்.

எங்ஙனம் பிரித்தறிந்தனர்? அறுகு தரைமேலும் படரும், மண்ணுக்குள்ளும் தண்டோட்டும். புதிய புல்லோ தரைமேல் மட்டுமே படர்வது. அறுகின் சிறுகதிரில் வெளியுமிகள் குறுகியவை; புதியதில் அவை உள்ளிருக்கும் பூவை மூடுமளவு நீண்டவை. இத்தகைய வேறுபாடு ஒரு செடியில் இருந்தாற் போதாது; பல செடிகளிலும் மாறாதிருத்தல் வேண்டும். பின்னர்ச் சான்றுச்செடியை உலர்த்திக் காத்து, உறுப்புகளை விளக்கி, பெயரிட்டு வெளியிடல் வேண்டும். முன்னரே எவரேனும் பெயரிட்டிருப்பின் முந்திய பெயரே நிற்கும். அவ்விருவரும் பெயரிட்ட இன்னோர் அறுகினம் அங்ஙனமே பெயரிழந்தது.

நிலைத்த அப்புல்லின் பெயரோ, கரும்பாய்வில் பெரும்பணி செய்த பார்பர் என்னும் ஆங்கிலேயரைச் சுட்டுகிறது. அவர் பெருமையை மறுப்பாரிலர். ஆயின் தமிழ்ச்சொல் நூற்பெயர் ஆகாதோ? ஆகும்! நம் வெட்டிவேர், வெட்டிவேரியா என இலத்தீனிற் பேரினப் பெயராயிற்று. 1999-இல் அப்பேரினம் வேறொன்றனுள் இணைக்கப்பட்டமையால் அப்பெயர் பின்தங்கியது.

புதிய நிலைத்திணையின் விளக்கம் இலத்தீனிலேயே அமைதல் வேண்டும் என்பது 1935 முதல் 2011 முடிய இருந்த பன்னாட்டு நெறி. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்பெறுகிறது. தமிழுக்கு அங்கு இடமில்லை. ஆயினும், இனப்பெயரைத் தமிழ்ச்சொல்லால் அமைக்கத் தடையில்லை; உடன் ஒரு தமிழ் விளக்கம் எழுதவும் தடையில்லை. எழுதாமை எவர் குற்றம்?

சொல் இல்லை என்பார் உளர். புறத்தே வன்மை உடையதைப் புல் என்றும், அகத்தே உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் அன்றே பகுத்தது. நெல்லும் புல்லினமே. தாள், கணு, மடல், கதிர், உமி என உழவர் நாவில் வழங்கும் சொற்களே காட்டுப்புல்லை விளக்கவும் உதவும்.

ஆசிரியப் பெருமக்களே! அடையாற்றங்கரைக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். ஒரு புல்லைப் பறித்துக் கொடுத்து, கண்டதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நாளை ஒரு புதுப்புல்லை அவருள் ஒருவர் காணக்கூடும். அன்று அதற்குத் தமிழ்ப்பெயர் அவர் நாவில் இருத்தல் வேண்டும்.