போஸ்டிங்கில் உருவாகும் துறைப்பற்று



எந்தத் துறையில் சேர விருப்பம் என்று முதலாண்டு பிசியோதெரபி மாணவர்களைக் கேட்டால், விளையாட்டுப் பிசியோ என்ற பதிலையே அடிக்கடி கேட்கிறேன். முதியோர் நலம், சமூகப் பிசியோ என்பவர்கள் மிகக் குறைவு. இந்த எண்ணம் உறுதிப்படுவதும் மாறுவதும் போஸ்டிங் எனும் களப்பயிற்சியில்தான். அங்கே யார் கூட நின்று கற்றுத்தந்தார், நோயாளி தேறியதைக் கண்ணால் பார்க்க முடிந்ததா என்ற இரண்டும்தான் துறைப்பற்றைத் தீர்மானிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1947-இல் வேலூரிலிருந்து எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய் மருத்துவர் இராபர்ட் காக்ரேன் அவரை உடன் அழைத்துச் சென்று காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பற்றியபோது, அந்தக் கை அவர் கையை வலிக்க இறுக்கியது. வலுவுள்ள தசைகள் இன்னும் மிச்சமிருப்பது அவருக்குப் புரிந்தது. வேலூரில் அவர் செய்த தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சைகள் அதன் பின் வந்தவை. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்கியது பிசியோதெரபி. பலரும் ஒதுங்கி நின்ற ஒரு துறைக்குள் அவரைக் கொண்டுவந்தது, வழிகாட்டி ஒருவரோடு போன அந்த ஒரு வருகை.

நம் காவிரி டெல்டாவுக்கு வருவோம். பக்கவாதம் கண்ட விவசாயி ஒருவர் பேரலல் பாரைப் பிடித்துச் சமதளத்தில் நடக்கிறார். ‘முன்னேற்றம்’ என்று எழுதுவதோடு மாணவரின் வேலை முடிகிறது. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு வீட்டில் உயரமான வாசற்படி, கொல்லைப்புறத்தில் கழிப்பறை, வயலுக்குப் போக மழையில் வழுக்கும் ஒற்றையடி வரப்பு. நுனிப்பாதம் தூக்காத காலோடு அந்த வரப்பில் எப்படி நடப்பார்? அதை அங்கே போய்ப் பார்த்த மாணவருக்குச் சமூகப் பிசியோ ஒருநாளும் இலகுவான போஸ்டிங்காகத் தோன்றாது.

சம்பா நடவில் பெண்கள் இடுப்பை வளைத்து, ஒரு கையில் நாற்றுமுடியோடு, சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னோக்கி நகர்கிறார்கள். முதுகுவலி என்று வரும் அவர்களிடம் ‘குனியாதீங்கம்மா’ என்பது வைத்தியமாகாது. எத்தனை பத்திக்கு ஒருமுறை நிமிர்கிறீர்கள், எந்த நேரத்தில் வலி கூடுகிறது என்று கேட்கும் அறிவு வயலோரத்தில் நின்றால்தான் வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிசியோதெரபியை வீட்டுவாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. அந்த வேலையை விரும்பி ஏற்பவர்களை உருவாக்குவது கல்லூரிகளின் கடமை. அதே ஆண்டில் வந்த, துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தால் பாடத்திட்டம் மாறிவரும் இந்த வேளையில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். சமூகப் போஸ்டிங் வருகைப்பதிவுக்கான சடங்காக இருக்கக் கூடாது. வார்டில் பார்த்த அதே நோயாளியை, அவர் சம்மதத்தோடு, மாணவர் வீட்டிலும் தொடர்ந்து பார்க்க வேண்டும். களத்தில் கற்பிக்கும் பிசியோதெரபிஸ்டின் பணிநேரத்தில் கற்பித்தலுக்கென்றே ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். மூத்தவரின் சலிப்பும் ஈடுபாடும் மாணவரிடம் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

இம்மூன்றையும் அமர்வுகளில் விவாதித்து, நடைமுறைப்படுத்தத் தக்க தீர்மானமாக்கித் தாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.