எர்லுக்கு வந்த இரண்டாம் அழைப்பு



இன்று ஒரு பூதப் படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் குறைந்த செலவில் எடுத்த இரண்டாம் பாகம். சாமியாருக்கு ஏன் இந்த வேலை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1990-இல் 'ட்ரெமர்ஸ்' என்ற அமெரிக்கப் படம் வந்தது. நெவாடா பாலைவனத்தில் ஒரு சிற்றூர். மண்ணுக்கடியில் இராட்சதப் புழுக்கள். காலடி அதிர்வை உணர்ந்து வந்து ஆளையே விழுங்கிவிடும். வால், எர்ல் என்ற இரண்டு கூலியாட்கள் ஊராருடன் சேர்ந்து அவற்றை வெல்கிறார்கள்.

1996-இல் இரண்டாம் பாகம். திரையரங்குக்கு அல்ல, நேரே வீடியோ கேசட்டுக்கு. செலவு சுமார் 40 லட்சம் டாலர். முதல் படத்துக்கு ஆனதில் பாதிகூட இல்லை. வாலாக நடித்த கெவின் பேக்கன் இதில் இல்லை. முதல் படத்தின் கதாசிரியர்களில் ஒருவரான எஸ். எஸ். வில்சன் இயக்குநராகிறார். காசும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இப்படி வரும் படம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் இது நன்றாக இருக்கிறது! விழுந்து விழுந்து சிரிக்கலாம். (சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். சில பேச்சுகள் அவர்களுக்கு ஆகாது.)

எப்படி முடிந்தது? விட்டுப்போனவரை மறைக்காமல், மீந்திருந்தவரை நடுவில் நிறுத்தினார்கள். வாலுக்குத் திருமணமும் பேரும் கிடைத்துவிட்டன. எர்லுக்கு? நெருப்புக்கோழிப் பண்ணை வைத்து, இருந்த பணத்தையும் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஓர் அழைப்பு. மெக்சிகோவின் எண்ணெய் வயல் ஒன்றில் அதே புழுக்கள். கொன்றால் தலைக்கு 50,000 டாலர். எர்ல் உடனே ஒப்புக்கொள்வதில்லை. ஒருமுறை பட்டவர் அல்லவா! உடன் வரத் துடிக்கும் இளைஞன் கிரேடிதான் அவரைக் கிளப்புகிறான். பெரிய மீனின் வயிற்றிலிருந்து வெளிவந்த யோனாவையும் ஆண்டவர் இரண்டாம் முறை அழைத்தார். போகச் சொன்ன இடம் அதே நினிவேதான்.

இன்னொருவர் பர்ட். துப்பாக்கிகளோடு வாழ்பவர். சோவியத் ஒன்றியம் வீழ்ந்தபின் அஞ்சுவதற்கு எதிரி இல்லை. மனைவியும் பிரிந்துவிட்டார். அவரையும் எர்ல் கூப்பிடுகிறார். ஒரு லாரி நிறைய வெடிமருந்தோடு வந்து இறங்குகிறார் மனிதர்.

இனி யாருக்கும் தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் இவர்கள். இந்நேரம் வானொலி கேட்கும் உங்களில் சிலருக்கும் அது புரியும். ஐம்பது வயதில் ஆலை மூடியவர்கள் இருக்கிறீர்கள். கடை நொடித்துப்போனவர்கள் இருக்கிறீர்கள். 'இனி எனக்கென்ன' என்ற பேச்சு நம் வீட்டுத் திண்ணைகளில் எத்தனை முறை கேட்கிறது!

படம் அவர்களுக்குப் பழைய வேலையையே திரும்பக் கொடுப்பதில்லை. முதலில் பொம்மைக் கார்களில் வெடி கட்டி ஓட்டியே புழுக்களைத் தீர்க்கிறார்கள். பிறகு புழுக்களின் உடலிலிருந்து இரண்டு கால் பிராணிகள் வெளிவருகின்றன. இவற்றுக்குக் காது கேட்காது, வெப்பத்தைத்தான் காணும். தின்னத் தின்னக் குட்டி போட்டுப் பெருகும். மூச்சை அடக்கி நின்றவர்களின் பழைய அனுபவம் செல்லாக்காசாகிறது. பர்ட்டின் பெரிய துப்பாக்கியும் தப்பவில்லை. அவர் சுட்ட குண்டு பிராணியைத் துளைத்து, சுவரையும் துளைத்து, தப்பிக்க வைத்திருந்த வண்டியின் எஞ்சினையே உடைத்துவிடுகிறது.

கடைசியில் எர்ல் தீயணைப்புக் கருவியை எடுத்து, அதன் குளிர்ந்த புகையைத் தன்மேல் பீய்ச்சிக்கொள்கிறார். உடல் சூடு மறைகிறது. அப்படியே அந்தக் கூட்டத்துக்குள் நடக்கிறார். ஒன்றும் அவரைக் காணவில்லை. வெடிமருந்து லாரி உள்ளேதான் நிற்கிறது. அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே ஓடி வருகிறார். இவ்வளவு தூரம் போதுமா என்று அவர்கள் நின்றால், பர்ட் மட்டும் நிற்கவில்லை, இன்னும் ஓடுங்கள் என்கிறார். லாரியில் எவ்வளவு வைத்திருந்தார் என்பது அவருக்குத்தானே தெரியும்!